தயவுசெய்து அந்த போர்டைக் கழற்றிவிடுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை என் உடம்புச் சூடு தொண்ணூற்று மூன்று.

நான் சொல்லவில்லை. கல்லூரி வாசலில் வாட்ச்மேன் நாகப்பன் என் நெற்றிக்கு நேராக நீட்டிய துப்பாக்கி சொன்னது.

“இன்னா மேடம் இது... தொண்ணூத்தி மூணு காட்டுது? நல்லாத்தான கீறீங்க?”

“இந்தக் கணக்குப்படி நான் போன வாரமே போய்ச் சேர்ந்திருக்கணும், நாகப்பன்.”

“அத்த வுடுங்க. முந்தாநேத்து தயிர் வண்டிக்காரருக்கு எண்பத்தி ஒம்போது காட்டுச்சு. அவரு தயிர எறக்கி வெச்சிட்டு சிரிச்சிக்கினே போனாரு.”

சொல்லிக்கொண்டே நோட்டில் என் பெயருக்கு நேராக 97.3 என்று எழுதினார்.

“ஏன் அப்படி எழுதறீங்க?”

“தொண்ணூத்தி மூணுன்னு எழுதினா ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க மேடம். இது நல்ல நம்பர். யாரும் கேக்க மாட்டாங்க.”

நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். முப்பத்தொரு வருடம் அரசாங்க ஆய்வாளராக இருந்தவள். பொய்யான பதிவேடு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டது அன்றுதான் முதல் தடவை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை... விடுங்கள்.

வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் கொஞ்சம் தற்பெருமை அடித்துக்கொண்டேன். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன பாலிடெக்னிக் பற்றி. பெண்களுக்கு மட்டும். மூன்று வருடத்துப் பிள்ளைகளையும் சேர்த்தால் இருநூறு பேர் தேறலாம். அத்தனை பேரும் ஹாஸ்டல். பாதிப் பேர் தெற்கே தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கொரோனா வந்ததும் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். வளாகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

இறுதியாண்டு மாணவிகள் மட்டும் வரலாம் என்று அரசு சொன்ன மறுநாளே தாளாளர் என் வீட்டுக்கு வந்தார்.

நான் பார்த்தது தொழிற்சாலைகளின் பாதுகாப்பை ஆய்வு செய்கிற வேலை. எந்த விதி எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில் வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று இந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியதே நான்தான். 

“பெரிய காலேஜுங்களுக்கு ஆள் இருக்கு மேடம், சொந்தமா ஆஸ்பத்திரியே இருக்கு. நமக்கு என்ன இருக்கு? இன்னும் ஒரு தடவை மூடினா அப்புறம் திறக்கவே மாட்டோம். நீங்கதான் ஒரு எஸ்.ஓ.பி. எழுதிக் கொடுக்கணும்.”

எழுதிக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு விதிகள். அறைக்கு இருவர். ஒரு தளத்தில் பன்னிரண்டு பேர் — அவர்கள் ஒரு குடும்பம் மாதிரி. சேர்ந்து சாப்பிடலாம், ஆனால் அடுத்த தளத்தோடு கலக்கக் கூடாது. சமையல்காரர்கள் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மொட்டை மாடியில் இருக்கும் மூன்று அறைகள் தனிமைக்கு. காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை வெப்பப் பரிசோதனை. கை கழுவுவதற்கு மட்டும் ஆறு உட்பிரிவுகள். படித்துப் பார்த்த தாளாளர் கண் கலங்கினார். அழகில் கலங்கினாரா, நீளத்தில் கலங்கினாரா, தெரியாது.

கடைசியில் தன் பங்குக்கு அவரும் ஒரு யோசனை சொன்னார்.

தாளாளர் முன்பு கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பர்சனல் மேனேஜராக இருந்தவர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அநேகமாக எந்தக் கம்பெனி வாசலிலும் ஒரு பச்சை போர்டு இருக்கும். ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே ஆணியில் எண் தகடுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். தினமும் காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் ஒருவர் வந்து தகட்டை மாற்றுவார். நூறு நாள் ஆனால் லட்டு. இருநூறு ஆனால் பிரியாணி. நடுவில் யாருக்காவது அடிபட்டால் — சைபர். மறுபடி ஒன்றிலிருந்து.

“அதே மாதிரி நம்ம கேட்டுல ஒண்ணு வைக்கலாம் மேடம். ‘தொற்றில்லாத நாட்கள்’. இருபத்தொரு நாள் ஆச்சுன்னா பிரியாணி போட்டுடுவோம். செகண்ட் இயர் பிள்ளைங்களையும் வரச் சொல்லிடலாம். பொண்ணுங்களுக்கு ஒரு மோட்டிவேஷன்!”

‘பாராட்டத்தக்க யோசனை’ என்று விதிகளின் கடைசிப் பக்கத்தில் என் கையால் எழுதினேன். அதை இந்தப் பத்தியிலும் எழுதினேன். படித்துவிட்டு ஒன்பது சின்னக் கல்லூரிகள் நகல் கேட்டு எழுதின. அனுப்பியும் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை போர்டில் பத்தொன்பது.

*

வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது என் வழக்கம். பதிவேட்டைப் புரட்டினேன். எவ்வளவு அழகான பதிவேடு! பெயர், அறை எண், காலை வெப்பம், மாலை வெப்பம், மாணவியின் கையெழுத்து, வார்டனின் கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. 97.4, 97.6, 97.2... பத்தொன்பது நாளாக ஒரு பெண்ணுக்குக்கூட ஒரு தும்மல்கூட இல்லை.

அறுபது வயசுக்காரர்கள் அறுபது பேர் இருந்தால் சந்தேகமே படவேண்டாம், யாராவது ஒருவருக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் அறுபது பேர் இருந்தாலும் ஜலதோஷமாவது வராதா? இந்தக் கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. சுத்தமான பதிவேட்டைப் பார்த்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. தொழில் வியாதி.

சமையலறைப் பக்கம் போனேன். தலைமைச் சமையல்காரர் எஸ்தர். ஒரகடத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. என் விதிப்படி மூன்று வாரமாக வீட்டுக்குப் போகாமல் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார்.

“வீட்டுல கஷ்டமா இல்லையா எஸ்தர்?”

“எங்க வூட்டுக்காரரு அவரே சோறு வடிச்சி, அவரே கொழம்பு வெச்சிக்கினு ஷிப்டுக்குப் போறாரு மேடம். இந்தக் கொரோனால நடந்த ஒரே நல்ல காரியம் அதான்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“மேடம், ஒண்ணு சொல்லட்டா? வார்டனம்மாகிட்ட சொன்னேன். ‘நோட்டுல எல்லாம் சரியா இருக்கு, நீ உன் வேலயப் பாரு’ன்னுட்டாங்க.”

“சொல்லுங்க.”

“நேத்து நெத்திலிக் கருவாடு வறுத்தேன். இந்தக் கிச்சனுக்கு நேர் மேல பதினாலாம் நம்பர் ரூமு. மாரிச்செல்வின்னு ஒரு புள்ள, தூத்துக்குடி பக்கம். கருவாட்டு வாசம் போனா மொத ஆளா ஜன்னல்ல தலைய நீட்டும். ‘எக்கா, எங்கூருக் கருவாடு முன்னால இதெல்லாம் குப்பை’ன்னு கத்தும். நான் கரண்டியக் காட்டுவேன். அது எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வெளாட்டு.”

“சரி...”

“நேத்து ஜன்னல் தெறக்கவே இல்ல மேடம். கூட இருக்கற புள்ள வந்து, ‘மாரி படிக்கறாக்கா’ன்னு ரெண்டு தட்டு வாங்கிக்கினு போச்சு. ஒரு தட்டு அப்டியே திரும்பி வந்துது. ஊறுகா மட்டும் காலி. மூணு நாளா இதே கதை.”

வாசனை தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று விதி இருபத்தாறில் நானே எழுதியிருக்கிறேன். ஆனாலும் பழக்கதோஷம், வாயில் வந்தது வேறு.

“காய்ச்சல் இல்லையே, எஸ்தர். இன்னிக்குக் காலையிலகூட தொண்ணூத்தி ஏழு புள்ளி நாலு.”

“நீங்க நோட்டப் பாத்தீங்க மேடம். நான் தட்டப் பாத்தேன்.”

*

பதினான்காம் எண் அறைக் கதவை அந்த அறைத்தோழி அரையடிதான் திறந்தாள். “அவ தூங்குறா மேடம். ராத்திரி முழுக்கப் படிச்சா.”

மணி பகல் பதினொன்றரை. கதவு இடுக்கில் பார்த்தேன். நல்ல வெயிலில் போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒரு பெண். தலைமாட்டில் காலியான காய்ச்சல் மாத்திரை அட்டைகள். ஒன்றல்ல, நான்கு.

நான் கேட்பதற்கு முன்பே அறைத்தோழி அழ ஆரம்பித்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்குப் பரிசோதனை. மாலை ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்குப் பரிசோதனை. என் நேர அட்டவணை அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான் அவர்களாலும் அவ்வளவு துல்லியமாக ஏமாற்ற முடிந்தது. அந்தத் தளத்தில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் தெரியும். ஆளுக்கு இரண்டு மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘ஒரு குடும்பம் மாதிரி’ இருக்கச் சொன்னது நான்தானே?

பையிலிருந்து ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை எடுத்து மாரிச்செல்வியின் விரலில் மாட்டினேன். 

தொண்ணூறு.

காலையில் தொண்ணூற்று மூன்றைப் பார்த்துச் சிரித்தவள் நான். வாசலில் இருந்த துப்பாக்கி மாதிரி இதுவும் மட்டமான சரக்காக இருக்கக் கூடாதா? கழற்றி என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று எட்டு. மறுபடி அவள் விரலில். தொண்ணூறு... எண்பத்தொன்பது... தொண்ணூறு.

மெஷின் சரியாகத்தான் இருந்தது.

“மாரி, மூச்சு விடக் கஷ்டமா இருக்காம்மா?”

“ஒண்ணுமில்ல மேடம்... லேசா நெஞ்சுதான்... கல்லு வச்ச மாதிரி...” ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு வாங்கினாள். “இன்னும் ரெண்டு நாளுதான மேடம். இருவத்தொண்ணு ஆன பெறவு நானே சொல்லிருப்பேன்.”

“இருபத்தொண்ணா?”

“போர்டு மேடம். என்னால சைபர் ஆயிட்டுன்னா... இவளுவ எல்லாரையும் ஊருக்கு அனுப்பிருவாவல்லா? பிராக்டிகல் நடக்காது. பெறவு யாருக்கும் வேலை கெடைக்காது. எல்லாரும் என்னையல்லா ஏசுவாளுவ?”

அறை வாசலில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து ஒருத்தி தேம்பினாள். “நாங்க ஏச மாட்டோம்டி, லூசு...”

மாரிச்செல்விக்கு சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை உறுதியாகியிருக்கிறது. செய்முறைத் தேர்வு முடிந்தால் போய்ச் சேரவேண்டியதுதான். அந்த ஆர்டர் காகிதத்தை பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தாள். அதற்குப் பக்கத்தில், நான் எழுதிய விதிகளில் ஒரு பக்கம். ஒரு வரியின் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு. ‘தொற்று கண்டறியப்பட்டால் விடுதியை மூடுவது குறித்துப் பரிசீலிக்கப்படும்.’

பரிசீலிக்கப்படும்! அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல் வந்தால் எதுவும் நடக்காது என்று. ஒரு வரி ஒப்புக்கு இருக்கட்டும் என்று எழுதியது. பத்தொன்பது வயதுப் பெண் அதை எப்படிப் படிப்பாள் என்று நான் பரிசீலிக்கவில்லை.

*

நூற்றெட்டுக்கு போன் செய்தோம். என் விதிகளில், ‘ஆம்புலன்ஸ் உடனடியாக வரவழைக்கப்படும்’ என்று இருக்கிறது. உடனடியாக!

வண்டி சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வரவேண்டியிருந்தது. மதிய ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் சாரைசாரையாகப் போகிற நேரம். ரயில்வே கேட்டைத் தாண்டவே அதற்கு எவ்வளவு நேரமானது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ரோட்டில் ஆயிரம் தடவை போய் வந்திருக்கிறேன். ஷிப்ட் மாறும் நேரத்தைப் பற்றி நாற்பத்திரண்டு விதிகளில் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

தெரிந்த டாக்டர் ஒருவர் போனில் சொன்னபடி அவளைக் குப்புறப் படுக்க வைத்தோம். தொண்ணூறு... தொண்ணூற்று ஒன்று... தொண்ணூறு. நான் அந்தச் சின்னச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எண் ஒன்று ஏறினால் சந்தோஷம், ஒன்று இறங்கினால் உயிர் போகிறது. கீழே எஸ்தர் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். அவ்வளவு நிசப்தமான ஹாஸ்டலை நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் தாளாளர் போன் செய்தார்.

“மேடம், பயமா இருக்கு. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

“தெரியாது சார்.”

“டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும்... போர்டு அப்படியே இருக்கட்டுமா? கன்ஃபர்ம் ஆகலைல்ல? பெத்தவங்க காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே வேன் எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க. அப்புறம் காலேஜே...”

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரடங்கு காலத்தில் ஒரு ஊழியரைக்கூட வீட்டுக்கு அனுப்பாதவர். பயம் அவருக்கும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது அவர் மேல் அல்ல. அவர் சொன்னதைத்தான் மூன்று நாளாக மாடியில் பன்னிரண்டு பெண்களும் செய்துகொண்டிருந்தார்கள்.

“சார், பெத்தவங்களுக்கு இப்பவே போன் பண்ணுங்க. மாரிச்செல்வி அப்பாவுக்கு முதல்ல, நீங்களே பண்ணுங்க” என்றேன்.

பண்ணினார். அதைச் சொல்லியாக வேண்டும்.

*

ஒருவழியாக ஆம்புலன்ஸ் வந்து, வார்டனும் கூட ஏறி, செங்கல்பட்டு போனது. கேட்டைச் சாத்திவிட்டு நாகப்பன் போர்டுக்கு முன்னால் நின்றார். நானும் நின்றேன். பத்தொன்பது.

“எடுத்துடுங்க நாகப்பன்.”

அவர் எடுக்கவில்லை. மாஸ்க் போட்ட முகம். என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. வலது கையை எனக்கு நேராக நீட்டினார். ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. எத்தனை தடவை அந்தக் கையிலிருந்து பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! கவனித்ததே இல்லை.

“பிரஸ் மெஷின்ல போச்சு மேடம். வாட்ச்மேன் வேலைக்கு முன்னாடி நானும் லைன்லதான இருந்தேன். அன்னிக்கு எங்க போர்டுல முந்நூத்திப் பன்னெண்டு.”

“உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“வெட்டு மொதல்ல சின்னதுதான் மேடம். கர்ச்சீப்ப சுத்திக்கினு வேலை செஞ்சேன். சூப்பர்வைசரும் நல்ல மனுசன், ‘நாகப்பா, சொன்னா முந்நூத்திப் பன்னெண்டும் போய்டும்டா, எல்லாருக்கும் பேஜாரு’ன்னாரு. நானும் அதான் நெனச்சேன். அஞ்சாம் நாளு கை கறுத்துப் போச்சு. அப்பறம்தான் எடுத்தாங்க. லீவுல வூட்டாண்ட அடிபட்டுச்சுன்னு நானே எழுதிக் குடுத்தேன்.”

“போர்டு?”

“ஓடுச்சு மேடம். நானூறுக்கு பிரியாணி போட்டாங்க. நானும் சாப்ட்டேன்... ஸ்பூன்ல.”

எனக்கு இது புதிய செய்தியா? இல்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அப்படிக் கைக்குட்டை சுற்றிய கைகளை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். மெஷினுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பார்கள். ‘என்னப்பா கையில?’ என்றால், ‘கத்தரிக்கா நறுக்கினேன் மேடம்’ என்பார்கள். அந்த வட்டாரத்தில் ஆண்கள் எல்லோரும் அவ்வளவு கத்தரிக்காய் நறுக்குகிறார்களா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஆய்வு முடிந்ததும் அதே பச்சை போர்டுக்கு முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். மாலை போடுவார்கள். சிரித்திருக்கிறேன்.

அந்த போர்டு விபத்தை எண்ணுவதில்லை. யாரும் வாய் திறக்காத நாட்களைத்தான் எண்ணுகிறது. இது தெரிந்த ஒரு ஆள் இந்த மாவட்டத்தில் இருந்தால், அது நானாகத்தான் இருக்க வேண்டும். நான்தான் அதற்குப் ‘பாராட்டத்தக்க யோசனை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நாகப்பன் ஒன்பதைக் கழற்றினார். பிறகு ஒன்றைக் கழற்றினார். சைபர் தகட்டை மாட்டப் போனவரை வேண்டாம் என்றேன். 

*

அன்று மாலை முற்றத்தில் எல்லோரையும் தள்ளித்தள்ளி நிறுத்தி வைத்துத் தாளாளர் பேசினார். எழுதிக் கொடுத்தது நான். நாற்பத்திரண்டு விதி இல்லை, நான்கு வாக்கியம். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் யாரையும் ஊருக்கு அனுப்பமாட்டோம். மாடி அறை தண்டனை இல்லை; சாப்பாடு, போன், பாடம் எல்லாம் அங்கேயே வரும். செய்முறைத் தேர்வைத் தவறவிட்டவர்களுக்கு மறுபடி நடத்தித் தர ஏற்பாடு செய்வோம். இதுவரை மறைத்ததற்காக யார்மேலும் நடவடிக்கை இல்லை.

கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஏழு கைகள் உயர்ந்தன.

ஏழு! ஒருத்திக்குத் தொண்டை வலி, நான்கு நாளாக. இன்னொருத்திக்கு வயிற்றுப்போக்கு. ஒரு பெண் சொன்னாள்: “எனக்கு ஒண்ணுமில்ல சார், பயமா மட்டும் இருக்கு. அதுவும் சொல்லலாமா?” சொல்லலாம் என்றார் தாளாளர்.

எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மாரிச்செல்வியின் தளத்தில் இன்னும் இரண்டு பேருக்குத் தொற்று. ஒருத்தி அந்த அறைத்தோழி. இருவரும் மாடி அறைகளில் இருக்கிறார்கள். ஆக்சிஜன் தொண்ணூற்றேழுக்குக் கீழே இறங்கவில்லை. எஸ்தருக்கு இல்லை என்று வந்தது. இரண்டு நாள் கழித்து அந்தச் செய்தி வந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பெற்றோர்கள்? வேன் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்கள் — “இதே மாதிரி இனிமேலும் எங்ககிட்ட மறைக்காம சொல்வீங்களா?”

சின்னக் கல்லூரிகள் எப்படித்தான் திறப்பது என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்களிடம் ஆஸ்பத்திரி இல்லை, ஆள் இல்லை, வசதி இல்லை. உண்மை. ஆனால் பெரிய கல்லூரியில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. யார் தட்டில் என்ன மிச்சம் என்று தெரிந்த ஒருவர் உங்கள் சமையலறையில் இருக்கிறார். அவரை முதலில் கேளுங்கள். பரிசோதனையை ஏழு மணிக்கே வைக்காதீர்கள். நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். மாத்திரை யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நோய் வந்ததென்று சொல்கிற பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று யோசியுங்கள். நஷ்டம் ஏதாவது இருந்தால், உங்கள் பதிவேடு ரொம்ப அழகாக இருக்கும்.

இந்தப் பக்கத்துக் கார் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் பழுது இருப்பது விற்ற பிறகு தெரியவந்தால், வெட்கப்படாமல் விளம்பரம் கொடுத்து, விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுப்பார்கள். இந்த வாரப் பத்தியை அப்படி ஒரு விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் நகல் வாங்கிய ஒன்பது கல்லூரிகளுக்கும் தனியாகக் கடிதம் போட்டுவிட்டேன். ஆறு பேர் பதில் எழுதினார்கள். மூன்று பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. அதில் ஒரு கல்லூரி போர்டைப் படமெடுத்துப் போன வாரம்தான் எனக்கு அனுப்பியிருந்தது. ஆறாம் நாள்.

போனை எடுக்கமாட்டேன் என்கிறார்கள். இதைப் படித்தால், தயவுசெய்து அந்த போர்டைக் கழற்றிவிடுங்கள். கழற்றிவிட்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

*

சனிக்கிழமை மாலை ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸின் போன்.

“மேடம், மாரிச்செல்வி பேசுதேன்.”

“எப்படிம்மா இருக்கே?”

“தொண்ணூத்தி நாலு இருக்குன்னாவ. மாஸ்க்க மதியம் கொஞ்ச நேரம் கழட்டிப் பாத்தாவ.” மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள். இப்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவைதான். “மேடம்... போர்டு சைபர் ஆயிட்டா?”

ஐந்து நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டு முதலில் கேட்கிற கேள்வி!

“போர்டே இல்லம்மா இப்ப.”

“செகண்ட் இயர் பிள்ளைய?”

“அடுத்த மாசம் பார்க்கலாம்னு இருக்காங்க. நீ எதையும் கெடுக்கலை. கேக்குதா?”

பின்னால் ஏதோ ஒரு மெஷின் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் மெல்லச் சொன்னாள்: “எக்காட்ட சொல்லுங்க... இங்கன சோத்துல ஒரு வாசமும் தெரிய மாட்டேங்கு.”

எஸ்தரிடம் சொன்னேன். “வரட்டும், அவ மூக்கு தொறக்கற வரைக்கும் கருவாடு வறுத்துக்கினே கீறேன்” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இந்த வரியை எழுதும்போது கடைசியாகக் கேட்டது தொண்ணூற்று ஐந்து. இதைப் படிக்கும்போது எவ்வளவோ... எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத எனக்குப் பழக்கமில்லை. பழகிக்கொள்கிறேன்.

இன்று காலை கல்லூரிக்குப் போனேன். எண் தகடுகள் தொங்கிய இரண்டு ஆணிகளில் யாரோ துணி மாஸ்க்குகளைக் காயப்போட்டிருந்தார்கள். நாகப்பன் கையில் துப்பாக்கி இல்லை. நோட்டும் பேனாவும் மட்டும்.

“உடம்பு எப்டி கீது மேடம்?”

“நல்லா இருக்கேன்.” அனிச்சையாக வந்துவிட்டது.

அவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

“...அஞ்சாறு நாளா சரியாத் தூக்கம் இல்ல, நாகப்பன்.”

அதை அப்படியே எழுதிக்கொண்டார். கேட்டைத் திறந்துவிட்டார்.